பவர் டில்லர் டிரெயிலரைப் பாரத்துக்கும் இரவுக் காவலுக்கும் ஏற்றபடி சீரமைத்தல்

தர்பூசணி, நிலக்கடலை, மக்காச்சோளம் போன்ற பயிர்களைச் சாகுபடி செய்யும் விவசாயிகள் அறுவடைக்கு முந்தைய வாரங்களில் இரவில் வயலிலேயே தங்கிக் காவல் இருக்க வேண்டியுள்ளது. காட்டுப்பன்றி ஒரே இரவில் பல சென்டு நிலத்தைக் கிளறிப் போட்டுவிடும். பகலில் உர மூட்டை, ஆயில் என்ஜின், தெளிப்பான் முதலியவற்றை வயலுக்குக் கொண்டு போக வேண்டும். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சொந்தமாகப் பவர் டில்லர் வைத்துள்ள சிறு விவசாயிக்கு இந்த எல்லா வேலைக்கும் கைகொடுப்பது அதன் பின்னால் மாட்டும் இரு சக்கர டிரெயிலர் ஒன்றுதான்.

ஆகவே, இந்த டிரெயிலரை மேலும் பயனுள்ளதாக்க விவசாயிகள் பட்டறைக்குக் கொண்டு செல்வது வழக்கம். பெரும்பாலும் அங்கு நடப்பது என்ன? பக்கப் பலகைகளை உயர்த்துகிறார்கள். மேலே இரும்புக் குழாயில் கூண்டு கட்டுகிறார்கள். அடியில் உள்ள அச்சு, பேரிங், டயர், பிரேக் ஆகியவை பழைய நிலையிலேயே இருக்கும். இது தவறான முறை. மேலே கூட்டும் ஒவ்வொரு கிலோவையும் கீழே உள்ள பாகங்களே தாங்க வேண்டும். டிரெயிலரைச் சீரமைக்கும் வேலை கீழிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும். அதன் முறைகளைக் காண்போம்.

பாரத்தைக் கணக்கிடுக

பவர் டில்லர் டிரெயிலருடன் செல்லும்போது அதன் வேகம் மணிக்கு 22 கிலோ மீட்டருக்கும், இழுக்கும் பாரம் 1.5 டன்னுக்கும் மேற்படக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் உள்ள வரையறையாகும். இது உச்ச அளவு. சிறிய டில்லர்களுக்கும் சிறிய டிரெயிலர்களுக்கும் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவு இதைவிடக் குறைவாக இருக்கும். கையேட்டிலோ, டிரெயிலரில் பொருத்தியுள்ள தகட்டிலோ உள்ள அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

பெட்டி நிறைந்தால் பாரம் சரி என்று எண்ணுவது பலர் செய்யும் தவறு. எடுத்துக்காட்டாக, 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக் கொள்வோம். இதன் கொள்ளளவு ஏறக்குறைய 0.86 கன மீட்டர். இதில் நெல்லைத் தலை தட்டி நிரப்பினால் எடை சுமார் 500 கிலோ இருக்கும். தண்ணீர் நிரப்பினால் 860 கிலோ. ஈர மணலை நிரப்பினால் எடை 1,600 கிலோவைத் தாண்டிவிடும்! பலகையை 60 செ.மீ. ஆக உயர்த்தினால் மணலின் எடை ஏறக்குறைய இரண்டரை டன் ஆகும். பெட்டி ஒன்றே, பாரம் வேறு வேறு. உயர்த்திய பலகை வைக்கோலுக்கும் நிலக்கடலைக் கொடிக்கும் ஏற்றது. மணல், செங்கல், ஈரமான தொழு உரம் ஆகியவற்றுக்கு ஏற்றதன்று.

ஆகையால் பெட்டியின் உட்பக்கத்தில், தாங்கள் வழக்கமாக ஏற்றும் பொருள் எந்த உயரம் வரை வரலாம் என்று பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. வேலையாட்கள் ஏற்றும்போதும் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார்கள்.

நிலையாகப் பொருத்தும் கூண்டின் எடையும் பாரத்தில் சேர்ந்ததே. கூண்டு 60 கிலோ என்றால், ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நெல் மூட்டையைப் பயனின்றி ஏற்றிச் சென்று திரும்புவதற்கு அது சமம். அதற்கான டீசல் செலவும் டயர் தேய்மானமும் விவசாயியின் தலையிலேயே விழும்.

சக்கரம், பேரிங், அச்சு

முதலில் டிரெயிலரை மேடு பள்ளம் இல்லாத தரையில் நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, மறுபக்கத்தை ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின் அடியில் உறுதியான மரக்கட்டை கொடுக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்துள்ளது என்று பொருள். சுற்றும்போது கரகர என்ற ஓசை வந்தால் பேரிங் தேய்ந்துள்ளது.

தேய்ந்த பேரிங்கை மாற்றும்போது கிரீஸ் சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்ந்த பின், உருளைகளின் இடைவெளியில் எல்லாம் புகும்படி புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்ப வேண்டும். கூம்பு உருளை பேரிங்காக இருந்தால், சக்கரத்தைச் சுற்றிக் கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குச் சிறிது தளர்த்த வேண்டும். பழைய பிளவு ஊசியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ஐந்தாறு ரூபாய்ப் பொருளைச் சிக்கனம் செய்து சக்கரம் கழன்று போக விடுவது அறிவுடைமை ஆகாது. சேற்று வயலிலோ, ஓடையிலோ சக்கரக் குடம் மூழ்கும்படி சென்று வந்தால் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் கிரீஸை மாற்றிவிட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் அதன் அளவும், தாங்கும் பாரமும், அடிக்க வேண்டிய காற்றின் அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். இரு சக்கரங்களிலும் ஒரே அளவு டயர் இருக்க வேண்டும். காற்றை டயர் குளிர்ந்துள்ளபோது, அதாவது காலையில் புறப்படுவதற்கு முன், அழுத்தமானி கொண்டு பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் மிகுதியாக வளைந்து சூடேறி, பக்கவாட்டில் வெடிக்கும். டில்லரும் தேவைக்கு மேல் இழுக்க வேண்டியிருப்பதால் டீசல் செலவு கூடும்.

அச்சைப் பொறுத்தவரை ஒன்றை மறக்கக் கூடாது. அச்சின் மீது, குறிப்பாக நடுப்பகுதியில், எதையும் வெல்டிங் செய்யக் கூடாது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் இரும்பின் தன்மை மாறி, பிற்காலத்தில் அங்கேயே விரிசல் விடும். எதைப் பொருத்துவதாக இருந்தாலும் ‘யூ’ போல்ட்டும் தகடும் கொண்டு பிணைப்பதே முறை. வளைந்த அச்சைச் சூடேற்றி நிமிர்த்துவதும் தவிர்க்கத்தக்கது. வளைந்த அச்சினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். அச்சை மாற்றிவிடுவதே மேல்.

ஸ்பிரிங் இல்லாத டிரெயிலருக்குப் பட்டை ஸ்பிரிங் வைத்தால் தக்காளி, முட்டை, பழம் ஆகியவை நசுங்காமல் சந்தை சேரும். அடிச்சட்டமும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஸ்பிரிங் வைப்பதால் பெட்டி உயர்ந்துவிடும். உயர்ந்த டிரெயிலர் எளிதில் சாயும். முன்சட்டமும் சரிவாகிவிடும். ஆகவே பெட்டி கூடியவரை தாழ்வாக அமையும்படியும், டில்லருடன் மாட்டிய பின் தளம் மட்டமாக இருக்கும்படியும் பட்டறையில் சொல்லிச் செய்து கொள்ள வேண்டும். முதல் பாரம் ஏற்றி இறக்கிய பின் ‘யூ’ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குவது அவசியம்.

பாரம் அமரும் இடம்

ஒற்றை அச்சு உள்ள வண்டியில் பாரத்தின் நடு, அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய குடியானவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெயிலரிலும் அதே கதைதான். பின்பாரம் மிகுந்தால் இணைப்புக் கொண்டி மேலே தூக்கப்பட்டு, டில்லர் சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்புக் குறையும். மேடு ஏறும்போது இது ஆபத்தாகும்.

ஒற்றை அச்சு டிரெயிலர்களில் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொண்டியின் மேல் அமர்ந்தால் போதுமானது என்பது பொதுவான கணக்கு. தயாரிப்பாளர் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். இதை அறிய எளிய வழி உண்டு. பாரம் ஏற்றிய டிரெயிலரை மட்டமான தரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சட்டத்தின் நுனியை மூட்டை நிறுக்கும் தராசின் மேல், கொண்டி இருக்கும் உயரத்துக்குக் கட்டை அடுக்கி வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 1,000 கிலோ என்றால் தராசு சுமார் 100 கிலோ காட்ட வேண்டும். ஓட்டுபவர் டிரெயிலரின் முன் இருக்கையில் அமர்வதால் அவருடைய எடையையும் இருக்கையில் வைத்தே நிறுக்க வேண்டும்.

ஆயில் என்ஜின் போன்ற கனமான ஒற்றைப் பொருளை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, நான்கு பக்கமும் கட்ட வேண்டும். 6 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய்களை இந்தச் சிறு டிரெயிலரில் ஏற்றிப் பின்னால் நீட்டிக் கொண்டு செல்வது கூடாது. குழாய் எடை குறைந்ததாயினும் நீட்டம் அதிகமாதலால் முன்பக்கத்தைத் தூக்கும். வளைவில் எதிரே வருவோரையும் தாக்கும்.

உயரமும் பார்க்கத்தக்கது. சக்கரத்துக்குச் சக்கரம் 120 செ.மீ. அகலமுள்ள டிரெயிலரில், பாரத்தின் நடு தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருந்தால், பக்கவாட்டில் 100க்கு 60 என்ற சரிவில் அசையாமல் நிற்கும்போதே அது கவிழும் நிலைக்கு வந்துவிடும். வைக்கோலை உயர ஏற்றி நடு 150 செ.மீ. ஆனால் 100க்கு 40 சரிவே போதும். ஓடும்போது குலுக்கலும் திருப்பமும் சேர்வதால் இதில் பாதிச் சரிவையும் நம்பக் கூடாது. வரப்பு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் டில்லர்கள் கவிழ்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

கொண்டியில் மாட்டும் பின் அதற்கென்று செய்யப்பட்ட எஃகுப் பின்னாக இருக்க வேண்டும். கட்டடக் கம்பித் துண்டையோ, கிடைத்த போல்ட்டையோ செருகி ஓட்டுவது கூடாது. பின் மேலே எழும்பாதபடி பூட்டு ஊசி அவசியம். இத்துடன் முன்சட்டத்தின் அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு டில்லருடன் மாட்டிவிட்டால், பின் முறிந்தாலும் சட்டம் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக் கொள்ளும்.

பிரேக்கும் இறக்கமும்

டில்லரைவிடப் பாரம் ஏற்றிய டிரெயிலரே கனமானது. ஆகவே வண்டியை நிறுத்துவது டிரெயிலர் சக்கரங்களில் உள்ள பிரேக்தான். மிதியை அழுத்தினால் இரு சக்கரங்களும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். வெறும் களத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்த்தால் இரண்டு டயர்த் தடமும் சம நீளத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். லைனிங்கில் கிரீஸ் பட்டிருந்தால் பிரேக் பிடிக்காது; சீலையும் லைனிங்கையும் மாற்ற வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இறக்கத்தில் டில்லர் ஓட்டுவோர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சமதரையில் இடப்பக்க ஸ்டியரிங் கிளட்ச் பிடியை அழுத்தினால் இடச் சக்கரத்துக்கு விசை நின்று, வலச் சக்கரம் மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை நேர்மாறானது. பின்னாலிருந்து டிரெயிலர் தள்ள, என்ஜின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்திக் கொண்டிருக்கும். அப்போது இடப்பிடியை அழுத்தினால் இடச் சக்கரம் கட்டவிழ்ந்து வேகமாக உருளும். என்ஜின் பிடியில் உள்ள வலச் சக்கரம் பின்தங்கும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்! இதை அறியாதவர் பதறிப்போய் மேலும் இறுக்கிப் பிடிப்பதால் பள்ளத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். இறக்கத்தின் நடுவில் கியர் மாற்றுவதோ, டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருள விடுவதோ கூடாது. ஸ்டியரிங் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைத் திருப்பியே வழி நடத்தி, டிரெயிலர் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 1,000 கிலோ பாரம் 100 கிலோ விசையுடன் முன்னால் தள்ளும் என்பதே இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம்.

பின்னால் வருவோர் கண்ணில் பட

விடியற்காலைச் சந்தைக்கு நள்ளிரவிலேயே புறப்படும் டிரெயிலரில் பின்விளக்கு இல்லாவிட்டால், விரைந்து வரும் லாரி ஓட்டுநருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். ஒளி திருப்பும் பட்டைகளை முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒட்ட வேண்டும். டிரெயிலரின் முழு அகலமும் தெரியும்படி பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்பு விளக்கு வேண்டும். வைக்கோல் ஏற்றும்போது பட்டையும் விளக்கும் மறையாதவாறு தாழ்வாக, அதே சமயம் சேறு படாதவாறு அமைக்க வேண்டும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்தாலே போதும். முழுச் சீரமைப்பில் மிகக் குறைந்த செலவுள்ள வேலை இதுதான். உயிர் காப்பதில் இதற்கு இணை வேறில்லை.

பெட்டியும் பலகையும்

அடிப்பாகம் சரியான பிறகே பெட்டியைக் கவனிக்க வேண்டும். தளத்தின் நான்கு மூலைகளிலும் நீர் வடியத் துளை இட வேண்டும். உரம் ஏற்றிய நாளில் பெட்டியைக் கழுவிவிட வேண்டும். உர உப்பு இரும்பை வெகு விரைவில் அரிக்கும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன் மேல் பெயின்ட் அடிக்கலாம்.

பக்கப் பலகையை நிரந்தரமாக உயர்த்துவதற்குப் பதிலாக, பெட்டியின் ஓரங்களில் சதுரக் குழாய்த் துண்டுகளைப் பொருத்தி வைத்தால், தேவைப்படும்போது கம்பி வலைச் சட்டங்களைச் செருகிக் கொள்ளலாம். வைக்கோலுக்கு வலைச் சட்டம். காவலுக்குக் கூண்டு வளைவு. மற்ற நாட்களில் வெறும் பெட்டி. ஒரே துளையில் மூன்று பயன் கிடைக்கும். கயிறு கட்டுவதற்கான வளையங்களை அடிச்சட்டத்துடன் இணைக்க வேண்டும். மெல்லிய பக்கத் தகட்டில் வைத்தால் பிய்த்துக் கொள்ளும்.

கூண்டும் இரவுத் தங்கலும்

காவலுக்கான கூண்டை நான்கு குழாய் வளைவும் ஒரு தார்ப்பாயும் கொண்டு கழற்றி மாட்டும்படி செய்தால் போதும். பழைய கூண்டு வண்டியின் அமைப்பே இதற்கு நல்ல முன்மாதிரி. இரு முனைகளும் திறந்திருந்தால் காற்றோட்டம் கிடைக்கும். காவலுக்குப் பார்வையும் மறையாது. குறுக்குப் பலகைகளின் மேல் படுக்கை அமைத்து, அதன் அடியில் கருவிகளை வைக்கலாம். தரையில் படுப்பதைவிட இது பாம்பு, தேளிலிருந்து பாதுகாப்பானது. கொசுவலையை வளைவிலேயே கட்டிக் கொள்ளலாம்.

டில்லரைக் கழற்றிய டிரெயிலரில் ஏறுவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்னும் பின்னும் முட்டுக்கால் ஊன்ற வேண்டும். பின்முட்டு இல்லாவிட்டால் ஆள் பின்பக்கம் ஏறியதும் டிரெயிலர் குடை சாய்ந்துவிடும். ஈர மண்ணில் முட்டுக்காலின் அடியில் பலகை வைக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும். 5 வாட் எல்.இ.டி. விளக்கு இதில் ஓர் இரவு, அதாவது ஏழெட்டு மணி நேரம் எரியும். பகலில் 20 வாட் சூரியத் தகட்டைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைத்து மீண்டும் சார்ஜ் ஏற்றலாம்.

சில எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது. தார்ப்பாயால் மூடிய கூண்டுக்குள் அடுப்போ, கரி நெருப்போ வைக்கக் கூடாது. தீப்பிடிக்கும் என்பது மட்டுமன்று. மணமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். பூச்சிமருந்தையும் டீசலையும் உணவு, குடிநீர், படுக்கை ஆகியவற்றுடன் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. பின்புறம் வெளியே பூட்டுள்ள தனிப் பெட்டி அமைத்து அதில் வைக்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் தனி மரத்தடியிலும் மேட்டிலும் டிரெயிலரை நிறுத்தக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள மலையடிவாரப் பகுதிகளில் இந்தக் கூண்டு பாதுகாப்பாகாது. அங்கு இதில் தங்குவதை அறவே தவிர்க்க வேண்டும்.

டிரெயிலர் சரக்குக்கு உரியது. காவலுக்குப் போகும் ஆட்களையோ, களையெடுக்கும் பெண்களையோ அதில் ஏற்றிச் சாலையில் செல்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. நின்ற இடத்தில் தங்குவதற்கே கூண்டு; ஓடும்போது அதில் ஆள் இருக்கக் கூடாது. சாலையில் ஓட்டுவதற்கான பதிவு, உரிமம் பற்றியும், செய்யவிருக்கும் மாற்றங்கள் பற்றியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்ள வேண்டும்.

செலவு செய்யும் வரிசை

கையில் உள்ள பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது என்ற கேள்வி எழும். ஒளிப் பட்டை, பின்விளக்கு, கொண்டிப் பின், சங்கிலி ஆகியவை முதலில். பேரிங், பிரேக், டயர் அடுத்து. ஸ்பிரிங் அதன் பிறகு. வலைச் சட்டமும் கூண்டும் கடைசியில். ஒரு பருவத்தில் முடியாவிட்டால் இரண்டு பருவங்களில் செய்து கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் பின், சங்கிலி, டயர் காற்று, சக்கர நட்டு, பிரேக், விளக்கு ஆகிய ஆறையும் பார்த்துவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பத்து கிலோ மீட்டர் சென்றதும் நிறுத்தி, சக்கரக் குடங்களின் அருகே புறங்கையைக் கொண்டு சென்று பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கு பேரிங்கோ, பிரேக்கோ பிடித்துள்ளது என்று அறிந்து உடனே கவனிக்க வேண்டும்.

ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதும் சந்தை சேர்வது இந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான். அதை ஓட்டிச் செல்பவர் வீடு திரும்புவதும் அவற்றின் மேல்தான். எனவே விவசாயிகள் மேலே கூண்டு கட்டுவதற்கு முன் கீழே குனிந்து அச்சைப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால், பொருளும் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.